அழையாமல் வரும் விளம்பரங்கள்

நம் ஊர்ச் சுவர்களில் காணப்படும் பழைய வாசகங்களுள் ஒன்று, "விளம்பரம் செய்யாதீர்" என்பது. வீட்டுக்காரர் சுவருக்கு வெள்ளையடித்த கையோடு இதை எழுதி வைப்பார். மறுநாள் காலையில் பார்த்தால் அந்த வாசகத்தின் மீதே ஒரு சுவரொட்டி ஒட்டப்பட்டிருக்கும். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க, அன்றைய சென்னை மாநிலத்தில் 1959ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இந்தத் தொல்லை எவ்வளவு பழையது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

இன்று அந்தச் சுவர் நம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. கைப்பேசியைத் திறந்தால், நாம் கேளாத கடன், நாம் தேடாத வீட்டுமனை, நாம் எழுதாத தேர்வுக்கான பயிற்சி என்று செய்திகள் வரிசையில் நிற்கின்றன. தீபாவளி நெருங்கும்போது இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. "சிவகாசிப் பட்டாசு, ஆலை விலைக்கே, உங்கள் வீட்டு வாசலில்" என்பது அதன் பல்லவி. இவற்றுள் சில, உண்மையான வியாபாரிகள் அனுப்புபவை. வேறு சில, பணத்தைப் பறிப்பதற்காகவே அனுப்பப்படுபவை. சிவகாசியில் ஒரு கடையும் இல்லாதவர்கள் சிவகாசியின் பெயரைச் சொல்லிப் பணம் பெற்றுக்கொண்டு மறைந்துவிடுகிறார்கள்.

அழையாத விளம்பரங்கள் இத்தனை வருவது ஏன்? அவற்றைக் கணிப்பொறி எவ்வாறு அடையாளம் காண்கிறது? கணிப்பொறிக்குத் தப்பி வருவதை நாம் எவ்வாறு கண்டுகொள்வது? இம்மூன்று கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுவரொட்டியின் செலவும் செய்தியின் செலவும்

முதற் கேள்விக்கு விடை தேட, சிவகாசியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. பட்டாசுக்கு மட்டுமன்றி அச்சுத் தொழிலுக்கும் அது பெயர் பெற்ற ஊர் அல்லவா? 1920களில் அங்கே தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு வண்ண அச்சு வேண்டும். பின்னர் பட்டாசுத் தொழில் வளர்ந்தது. அதற்கும் லேபிள்கள் வேண்டியிருந்தன. இந்தத் தேவையிலிருந்து வளர்ந்த அச்சகங்கள் நாட்காட்டிகளையும் சுவரொட்டிகளையும் நாடெங்கும் அனுப்பின. பிறருடைய விளம்பரங்களை அச்சிட்டே பல குடும்பங்கள் அங்கே பிழைத்து வந்துள்ளன.

அச்சகத்தில் வேலை பார்த்தவரிடம் கேட்டால் ஓர் உண்மையைச் சொல்வார். ஒரு சுவரொட்டி அதிகமாக வேண்டுமானால், ஒரு தாள் அதிகமாக வேண்டும். மையும் அந்த அளவுக்கு வேண்டும். அதை ஒட்டப் பசை வேண்டும். இரவில் சைக்கிளில் சென்று ஒட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆகவே, ஆயிரம் சுவரொட்டி அடிக்கலாமா, ஐயாயிரம் அடிக்கலாமா என்று விளம்பரம் செய்பவர் யோசித்துத்தான் தீரவேண்டும். ஐயாயிரம் ஒட்டி ஒருவரே கடைக்கு வருவார் என்றால், அவர் ஒட்டவே மாட்டார். செலவு என்பது இங்கே ஒரு தடுப்பணை.

மின்வழிச் செய்தியில் இந்த அணை உடைந்துவிடுகிறது. முதற் செய்தியை எழுதிய பின், அதையே பத்து லட்சம் பேருக்கு அனுப்ப ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு. அனுப்புபவருக்குச் செலவில்லை என்பதால் செலவே இல்லை என்று பொருளாகாது. அது பெறுபவர் தலையில் விழுகிறது. பத்து லட்சம் பேர் ஆளுக்கு 5 விநாடி செலவிட்டு அச்செய்தியைப் பார்த்து அழிப்பதாகக் கொள்வோம். மொத்தம் 50 லட்சம் விநாடிகள். அதாவது ஏறத்தாழ 58 நாள்கள், இரவும் பகலும் சேர்த்து. ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தியதற்குப் பிறர் கொடுக்கும் விலை இது.

இந்தத் தொல்லையின் முதல் எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது 1978ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் அனுப்பப்பட்ட ஒரு மின்னஞ்சல். அமெரிக்காவில் இன்றைய இணையத்தின் முன்னோடியாக இருந்த "ஆர்ப்பாநெட்" வலையில், கணிப்பொறி நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த கேரி தூர்க் என்பவர், தம் நிறுவனத்தின் புதிய கணிப்பொறிகளைப் பார்க்க வருமாறு சுமார் 400 பேருக்கு ஒரே அழைப்பை அனுப்பினார். பெற்றவர்களுள் பலர் கோபமடைந்தனர். ஆயினும் அந்த அழைப்பால் வியாபாரம் நடந்தது. அடுத்து வந்தவர்கள் அந்தக் கோபத்தை மறந்து, வியாபாரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

பின்னாளில் இத்தகைய செய்திகளுக்கு "ஸ்பாம்" என்ற பெயர் வழங்கலாயிற்று. ஸ்பாம் என்பது உண்மையில் டப்பாவில் அடைத்து விற்கப்படும் ஓர் இறைச்சியின் பெயர். ஆங்கில நகைச்சுவை நாடகம் ஒன்றில், உணவகத்தில் எதைக் கேட்டாலும் அந்த இறைச்சியையே சொல்லிச் சொல்லி மற்றவர் பேச்சை அமுக்கிவிடுவார்கள். வேண்டாத விளம்பரமும் அதையே செய்வதால் இப்பெயர் நிலைத்தது.

இவ்வகை விளம்பரத்தால் உண்மையில் எத்தனை பேர் பொருள் வாங்குகிறார்கள்? 2008ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, சான் டியேகோ வளாகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பார்த்தனர். வேண்டாத மின்னஞ்சல்களை அனுப்பிக்கொண்டிருந்த ஒரு திருட்டுக் கணிப்பொறி வலைக்குள் அவர்கள் புகுந்தனர். அது அனுப்பிய மருந்து விளம்பரங்களுள் ஒரு பகுதியைத் தாங்களே அமைத்த தீங்கற்ற போலிக் கடைக்குத் திருப்பிவிட்டு, எத்தனை பேர் வாங்க வருகிறார்கள் என்று எண்ணினர். 26 நாள்களில் சுமார் 35 கோடி மின்னஞ்சல்கள் சென்றன. வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். அதாவது ஒன்றேகால் கோடி விளம்பரத்துக்கு ஒருவர்! சுவரொட்டி ஒட்டுபவர் இந்தக் கணக்கில் திவாலாகிவிடுவார். செலவில்லாமல் அனுப்புபவருக்கோ அந்த ஒருவரே போதும்.

சலிக்கும் கணக்கு

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். வந்து குவியும் செய்திகளுள் வேண்டாதவற்றைக் கணிப்பொறி எப்படிப் பிரித்தெடுக்கிறது?

தொடக்கத்தில் விதிகளை எழுதிப் பார்த்தார்கள். "இலவசம் என்ற சொல் இருந்தால் ஒதுக்கு" என்பது போன்ற விதிகள் அவை. ஆனால், "பள்ளியில் இலவசக் கண் மருத்துவ முகாம்" என்ற செய்தியும் அவ்விதியால் குப்பைக்குப் போய்விடும். ஆகவே, ஒரு சொல் இருக்கிறதா என்பதைவிட, அது எந்த வகைச் செய்தியில் எத்தனை முறை வருகிறது என்பதே முக்கியம் என்பதை உணர்ந்தார்கள். இங்கே கைகொடுத்தது 18ஆம் நூற்றாண்டின் ஒரு கணக்கு. தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதி வைத்து, அவர் இறந்தபின் 1763இல் வெளியான நிகழ்தகவுக் கட்டுரையே அதன் மூலம். 1998இல் சில ஆராய்ச்சியாளர்கள் இதை மின்னஞ்சலுக்குப் பயன்படுத்தினர். 2002இல் பால் கிரகாம் என்பவர் எழுதிய கட்டுரைக்குப் பின் இம்முறை பரவலாயிற்று.

பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். எண்ணவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

சிவகாசியில் ஒரு பட்டாசு வியாபாரிக்கு வந்த 1,000 செய்திகளை எடுத்துக்கொள்வோம். அவரே படித்துப் பார்த்து, 200 செய்திகள் வேண்டாதவை, 800 வேண்டியவை என்று பிரித்துக் கொடுக்கிறார். "தள்ளுபடி" என்ற சொல் வேண்டாத 200இல் 120இலும், வேண்டிய 800இல் 40இலும் இருக்கிறது. நாளை ஒரு புதிய செய்தி வருகிறது. அதில் "தள்ளுபடி" இருக்கிறது. அது வேண்டாத செய்தியாக இருக்கும் நிகழ்தகவு என்ன? அச்சொல் கொண்ட செய்திகள் மொத்தம் 160. அவற்றுள் வேண்டாதவை 120. ஆகவே விடை 120/160, அதாவது 75 விழுக்காடு. சந்தேகத்துக்கு இடமுண்டு, ஆனால் தீர்ப்புச் சொல்ல இது போதாது.

அதே செய்தியில் "முன்பணம்" என்ற சொல்லும் இருக்கிறது. இச்சொல் வேண்டாதவற்றுள் பாதியிலும், வேண்டியவற்றுள் இருபதில் ஒரு பங்கிலும் வருகிறது என்போம். அப்படியானால் இரண்டு சொல்லும் சேர்ந்து வருபவை வேண்டாதவற்றில் 120இல் பாதி, அதாவது 60. வேண்டியவற்றில் 40இல் இருபதில் ஒன்று, அதாவது 2. இப்போது நிகழ்தகவு 60/62. ஏறத்தாழ 97 விழுக்காடு. ஒரு சொல் ஐயத்தைக் கிளப்பியது. இரண்டு சொற்கள் ஏறக்குறைய உறுதிப்படுத்தின.

இன்னொரு சொல்லையும் பார்ப்போம். அதே செய்தியில் "லாரி வாடகை" என்றும் எழுதியிருக்கிறது. வியாபாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் கடிதங்களில் வரும் சொல் அது. வேண்டாத விளம்பரத்தில் வருவதைப்போல 20 மடங்கு அதிகமாக அது வேண்டிய செய்திகளில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 60க்கு 2 என்பது 30க்கு 1. இப்போது அது 30க்கு 20 ஆகிவிடுகிறது. ஐம்பதில் 30, அதாவது 60 விழுக்காடு. தண்டனைக்குத் தயாராக நின்ற செய்தி, ஒரு நல்ல சாட்சியால் தப்பிவிட்டது. அது மதுரையிலிருந்து ஒரு கடைக்காரர் எழுதிய உண்மையான கொள்முதல் கடிதமாக இருக்கலாம் அல்லவா?

சொற்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே வருகின்றன என்ற எளிய அனுமானத்தின் மேல் இக்கணக்கு நிற்கிறது. அது முழு உண்மையன்று. ஆயினும் நடைமுறையில் நன்றாகவே பயன்படுகிறது. இன்றைய பெரிய சல்லடைகள் சொற்களை மட்டுமன்றி, அனுப்பிய முகவரி, அனுப்பும் வேகம், உள்ளே உள்ள இணைப்பு எங்கே செல்கிறது என்பவற்றையெல்லாம் ஆராய்கின்றன. எனினும் அடிப்படை மாறவில்லை. மனிதர் பிரித்துக் காட்டிய எடுத்துக்காட்டுகளிலிருந்து இயந்திரம் கற்றுக்கொள்கிறது.

ஊருக்கு ஒரு சல்லடை

இக்கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. "பட்டாசு" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் சிவகாசி வியாபாரியின் வேண்டாத 200 செய்திகளில் 100இலும், வேண்டிய 800இல் 400இலும் அச்சொல் இருப்பதாகக் கொள்வோம். அச்சொல் கொண்ட 500இல் வேண்டாதவை 100. அதாவது 20 விழுக்காடு. ஆனால் எந்தச் சொல்லையும் பார்க்காமலே, ஆயிரத்தில் 200 என்பதும் 20 விழுக்காடுதானே? ஆக, சிவகாசியில் "பட்டாசு" என்ற சொல் சல்லடைக்கு எதையும் சொல்வதில்லை.

அதே 1,000 செய்திகள் உதகமண்டலத்தில் ஓர் ஆசிரியருக்கு வந்தவை என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வேண்டிய 800இல் எட்டில் மட்டுமே "பட்டாசு" வருகிறது. வேண்டாதவற்றில் முன்போலவே 100. இப்போது 108இல் 100. ஏறத்தாழ 93 விழுக்காடு. ஒரே சொல் ஓர் ஊரில் அப்பாவி. இன்னோர் ஊரில் குற்றவாளி! நல்ல சல்லடை, பயன்படுத்துபவரின் ஊரையும் தொழிலையும் அறிந்து பழக வேண்டும் என்று சொல்வது இதனால்தான். வேண்டாத செய்தியை நீங்கள் வெறுமனே அழிக்காமல் "வேண்டாதது" என்று குறித்து அழித்தால், உங்கள் சல்லடைக்குப் பாடம் சொல்லித் தருகிறீர்கள்.

இரண்டு பிழைகள்

மருந்தறைக்குப் போகும் இரசாயனப் பொடிகளைச் சலித்தெடுப்பது பட்டாசுத் தொழிலில் வழக்கம். சல்லடைக் கண் பெரிதாக இருந்தால் வேண்டாத கட்டி உள்ளே போய்விடும். கண் மிகச் சிறிதாக இருந்தால் நல்ல பொடியும் மேலே தங்கிவிடும். செய்திச் சல்லடையிலும் இவ்விரு பிழைகள் உண்டு. வேண்டாத விளம்பரம் உள்ளே வருவது ஒன்று; வேண்டிய கடிதம் குப்பைக்குப் போவது மற்றொன்று. ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும்.

இரண்டும் சமமான பிழைகள் அல்ல. ஒரு விளம்பரம் உள்ளே வந்தால் 5 விநாடி வீண். ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம் குப்பைக்குப் போனால் ஒருவருடைய வேலையே போகலாம். ஆகவே, சல்லடை அமைப்பவர்கள் 60 விழுக்காடு ஐயம் வந்தவுடன் ஒதுக்கச் சொல்வதில்லை. மிக உயர்ந்த உறுதி வந்தால்தான் ஒதுக்கச் சொல்கிறார்கள். இதன் விளைவு என்ன? சில விளம்பரங்கள் எப்போதும் தப்பி வந்துகொண்டுதான் இருக்கும். இது சல்லடையின் சோம்பலன்று. தெரிந்தே செய்த தேர்வு. உள்ளே வந்துவிட்டது என்பதனாலேயே ஒரு செய்தி நம்பத்தக்கதாகிவிடாது என்பதை இங்கே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

தப்பிச் செல்லும் வித்தைகளும் உண்டு. சொல்லின் நடுவே புள்ளிகளையும் இடைவெளிகளையும் செருகுவார்கள்; மனிதக் கண் சேர்த்துப் படித்துவிடும், கணிப்பொறி தடுமாறும். எழுத்தே இல்லாமல் படமாக அனுப்புவார்கள். தமிழுக்கென்று தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. பட்டாசு, பட்டாசை, பட்டாசுக்கு, பட்டாசுகளின் என்று ஒரே சொல் வேற்றுமை உருபேற்றுப் பல வடிவம் எடுக்கிறது. இவற்றைத் தனித்தனிச் சொற்களாக எண்ணினால் ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் சிறுத்துப்போய்க் கணக்கு வலுவிழக்கும். இதற்குமேல் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவோர், ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எனவே தமிழ்ச் சல்லடைக்குப் பகுதியையும் விகுதியையும் பிரிக்கத் தெரிய வேண்டும். அல்லது முழுச் சொல்லை விட்டு, இரண்டு மூன்று எழுத்துத் துண்டுகளை எண்ண வேண்டும். பள்ளியில் நாம் படிக்கும் பகுபத இலக்கணத்துக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது.

அணையைத் திரும்பக் கட்டுதல்

சலிப்பது ஒரு வழி. உடைந்த தடுப்பணையைத் திரும்பக் கட்டுவது இன்னொரு வழி. அதாவது, அனுப்புபவருக்கு மீண்டும் ஒரு சிறு செலவை உண்டாக்குவது.

1992இல் சிந்தியா டுவர்க், மோனி நாவோர் என்ற இரு அறிஞர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். ஒவ்வொரு செய்தியை அனுப்பும் முன்பும் அனுப்புபவரின் கணிப்பொறி ஒரு சிறு கணக்குப் புதிரை விடுவிக்க வேண்டும். ஒரு கடிதம் அனுப்புபவருக்கு அந்தச் சில விநாடிகள் ஒரு பொருட்டல்ல. பத்து லட்சம் அனுப்புபவருக்கோ அது மலையாகிவிடும். ஒரு புதிருக்கு 5 விநாடி என்றால், முன்னே நாம் கணக்கிட்ட அந்த 58 நாள்கள் இப்போது அனுப்புபவர் தலையில்! மின்னஞ்சலில் இது பரவலாக நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும் இவ்வழிச் சிந்தனை பின்னர் மின்னணு நாணயங்களில் இடம்பெற்றது.

எளிய தடைகள் நடைமுறையில் உள்ளன. வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி 2018இல் இந்தியாவில் வரம்பு வைத்தது. பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020இல் இறுக்கியது. செய்தியைத் தடை செய்யவில்லை, வேகத்தைத்தான் குறைத்தது.

நம் நாட்டில் தொலைபேசி விளம்பரங்களுக்கு இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதி வகுத்துள்ளது. 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, வணிகச் செய்தி அனுப்பும் நிறுவனம் தன் பெயர்த் தலைப்பையும் செய்தியின் மாதிரியையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 2025இல் வந்த திருத்தத்துக்குப் பின், குறுஞ்செய்தியின் அனுப்புநர் பெயர் எந்த ஆங்கில எழுத்தில் முடிகிறது என்று பார்த்தாலே அதன் வகையை அறியலாம். "பி" என்று முடிந்தால் விளம்பரம். "எஸ்" என்றால் சேவை. "டி" என்றால் பணப் பரிவர்த்தனை போன்றவை. "ஜி" என்றால் அரசுச் செய்தி. அழைப்புகளில், விளம்பரத்துக்கு 140 என்று தொடங்கும் எண்களும், வங்கி போன்றவற்றின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பரம் வந்தால், அந்த ஒன்றே அது முறைப்படி வரவில்லை என்பதற்கு அறிகுறி.

சல்லடைக்குள் அகப்படாத பட்டாசு

இப்போது மூன்றாம் கேள்வி. தீபாவளிக் காலத்துப் போலிப் பட்டாசு விளம்பரம் மேற்சொன்ன தடைகளையெல்லாம் எப்படித் தாண்டி வருகிறது?

அது பெரும்பாலும் செய்தியாக வருவதில்லை. நாம் பார்த்துக்கொண்டிருக்கும் காணொளிகளின் நடுவே, கட்டணம் செலுத்தப்பட்ட விளம்பரமாக வருகிறது. அதைத் தொட்டால் ஒரு போலிக் கடை திறக்கும். அல்லது ஒரு வாட்ஸ்அப் எண் கிடைக்கும். சில வேளைகளில் நம் உறவினரே நல்லெண்ணத்தோடு அதைக் குடும்பக் குழுவில் அனுப்பி வைக்கிறார். மாமா அனுப்பிய செய்தியை எந்தச் சல்லடை ஒதுக்கும்? 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப் பிரிவு, இத்தகைய போலிப் பட்டாசு விற்பனை குறித்துப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது.

விலையை வைத்துக் கண்டுபிடிக்கலாமா என்றால், அதிலும் சிக்கல் உண்டு. உண்மையான சிவகாசி விலைப்பட்டியல்களிலேயே, அச்சிட்ட விலையை மிக உயர்த்திப் போட்டு 80 விழுக்காடு தள்ளுபடி என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. நல்ல செய்தியிலும் கெட்ட செய்தியிலும் சமமாக வரும் சொல் எதையும் உணர்த்தாது என்று முன்னே பார்த்தோம். தள்ளுபடி விழுக்காடு அப்படிப்பட்ட ஓர் அடையாளம். பார்க்க வேண்டியது இறுதி விலை; அதைவிட முக்கியமாக, பொருள் எந்த வழியில் வரும் என்பது.

பட்டாசு வெடிபொருள். உராய்வும் அதிர்ச்சியும் வெப்பமும் அதற்குப் பகை. ஆகவே அதைத் தயாரிக்கவும், சேமிக்கவும், விற்கவும் வெடிபொருள் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். தபாலில் அனுப்பக் கூடாது. பயணிகள் ரயிலில் கொண்டு செல்லக் கூடாது. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், மின்வணிக நிறுவனங்கள் இணையம் வழியே பட்டாசு ஆணைகளைப் பெறுவதும் விற்பதும் தடை செய்யப்பட்டன. எனவே, "பணத்தை இப்போதே அனுப்புங்கள், பெட்டி நாளை வீட்டுக்கு வரும்" என்று முகம் தெரியாத ஒருவர் சொன்னால், அவர் போலியாக இருக்கலாம், போலி இல்லையென்றாலும் சட்டத்தை மீறுபவராக இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் நமக்கு நட்டம் வரும்போது கேட்க நாதி இராது.

இத்தனை வெளிப்படையான பொய்யை ஏன் சொல்கிறார்கள் என்று நீங்கள் வியக்கலாம். 2012இல் கார்மக் ஹெர்லி என்ற ஆராய்ச்சியாளர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஏமாற்றுபவருக்கு விளம்பரம் அனுப்புவது மலிவு; ஆனால், பதில் எழுதியவரோடு பேசிப் பேசிப் பணம் பெறுவதற்கு நேரம் ஆகும். ஐயப்படுகிறவர்கள் பதில் எழுதினால் அந்த நேரம் அவருக்கு வீண். ஆகவே நம்ப முடியாத ஒன்றைச் சொல்லி, ஐயப்படுகிறவர்களைத் தொடக்கத்திலேயே கழித்துவிடுகிறார். மிஞ்சுபவர்கள் எளிதில் நம்புபவர்கள். நாம் விளம்பரத்தைச் சலிப்பதுபோல, விளம்பரம் நம்மைச் சலிக்கிறது!

இதில் அகப்படுபவர் யார்? பெரும் பணக்காரர் அல்லர். மாதாமாதம் தீபாவளிச் சீட்டுக் கட்டி, பிள்ளைகளுக்காக ஒதுக்கி வைத்த இரண்டாயிரமோ மூவாயிரமோ எங்கே அதிகம் செல்லும் என்று தேடுகிற குடும்பம்தான். இழப்பு அத்தோடு நிற்பதில்லை. "சிவகாசிக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்ற சொல் மிஞ்சுகிறது. சாத்தூரிலும், வெம்பக்கோட்டையிலும், திருத்தங்கலிலும் வெயிலில் திரி சுற்றியும் பெட்டி மடக்கியும் கூலி வாங்கும் தொழிலாளர்களின் பொருள்தான் அந்தச் சொல்லால் சந்தையில் மதிப்பிழக்கிறது. ஆண்டு வியாபாரத்தின் பெரும்பகுதி ஒரு பண்டிகையை நம்பியிருக்கும் தொழிலுக்கு இது சிறிய அடியன்று.

நீங்கள் செய்யக்கூடியவை

முதலாவது, வேண்டாத செய்திக்குப் பதில் எழுதாதீர்கள்; திட்டியும் எழுதாதீர்கள். பதில் வந்தால், இந்த எண்ணில் ஆள் இருக்கிறார் என்பது உறுதியாகிவிடும். செய்தியை "வேண்டாதது" என்று குறித்துவிட்டு எண்ணைத் தடை செய்யுங்கள்.

இரண்டாவது, 1909 என்ற எண்ணில் உங்கள் விருப்பத்தைப் பதிவு செய்தால், எந்த வகை விளம்பரம் வேண்டாம் என்பதைச் சொல்லலாம். அதன் பின்னும் விளம்பரம் வந்தால், 7 நாள்களுக்குள் அதே எண்ணில் புகார் செய்யலாம். மோசடி என்று ஐயம் எழும் அழைப்பையும் செய்தியையும், மத்திய அரசின் "சஞ்சார் சாத்தி" தளத்தில் 2024 முதல் இயங்கும் "சக்ஷு" பிரிவில் தெரிவிக்கலாம்.

மூன்றாவது, பட்டாசை உரிமம் உள்ள கடையில் நேரில் வாங்குங்கள். கடையில் உரிமம் காட்சிக்கு இருக்கும். பெட்டியில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், கொடுத்த பணத்துக்குப் பொருள் கையில் இருக்கும்.

நான்காவது, கியூஆர் குறியை ஒளிப்படம் எடுத்து ரகசிய எண்ணை அழுத்துவது பணம் கொடுப்பதற்கு மட்டுமே. "முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம், ரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்று யாரேனும் சொன்னால், இரண்டாம் முறை ஏமாற்றப் பார்க்கிறார் என்று பொருள்.

ஐந்தாவது, ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பறித்த பணத்தை அவர்கள் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றி எடுத்துவிடுவார்கள். அதற்குள் தகவல் போனால், வழியில் உள்ள கணக்கிலேயே அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நாள் கணக்கில் யோசிப்பதற்கு இங்கே இடமில்லை. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

உங்கள் குடும்பக் குழுவில் மாமா அத்தகைய விளம்பரத்தை அனுப்பினால் என்ன செய்வது? எல்லோர் முன்னிலும் அவரைத் திருத்தினால் மனம் புண்படும். தனியாக அழைத்து, "மாமா, இதில் கடை முகவரி இல்லையே, உரிம எண்ணும் இல்லையே, விசாரித்தீர்களா?" என்று கேளுங்கள். அவரே அதை நீக்கிவிடுவார். அடுத்த முறை ஒன்றை அனுப்பும் முன் அந்தக் கேள்வியை அவரே கேட்டுக்கொள்வார். இயந்திரச் சல்லடை தவறவிட்டதைப் பிடிக்கும் இந்தச் சல்லடைக்கு மின்சாரமும் வேண்டாம், கணிப்பொறியும் வேண்டாம்.